இராமானுஜன் வரலாறும் நாடக வழக்கும்

உலகில் நிகழ்ந்தது ஒன்று. நிகழ்ந்ததனைப் பிறர் உளங்கொள்ளுமாறு புனைந்து காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள உறவினைத் தமிழ் இலக்கணநூலார் பண்டே நுணுகி நோக்கியுள்ளனர். தொல்காப்பியம் உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டினை வகுத்து, அவ்விரண்டும் தழுவி வருவதனையே புலனெறி வழக்கம் எனக் கொண்டது. நாடக வழக்காவது யாது என்பதனை விளக்கப் புகுந்த உரையாசிரியர் இளம்பூரணர், சுவைபட வரும் செய்திகளையெல்லாம் ஓரிடத்து நிகழ்ந்தனபோலத் தொகுத்துக் கூறுதல் என்னும் கருத்துப்பட உரைத்தார். இவ்விளக்கத்தில் உயிராக நிற்பது தொகுத்தல் என்னும் செயலாகும். தொகுப்பவனிடத்தே தொகுத்தற்குரிய பொருள் முன்னரே இருத்தல் வேண்டும். இல்பொருளைத் தொகுத்தல் இயலாது. எனவே, நாடக வழக்கு உலகியல் வழக்கிற்குப் பகையன்று. அதன்மேல் எழுப்பப்படும் கட்டடமே என்க.

இவ்வுண்மையைக் கற்றோரேயன்றி மற்றோரும் அறிவர். புத்தளக் கடற்கரையில் அமைந்த உடப்பூர்த் திரௌபதையம்மன் ஆலயத்தில் ஆடித் திங்களில் நிகழும் பெருவிழாவிலே பாரதக் கதையின் பகுதிகள் நடித்துக் காட்டப்பெறுகின்றன. தீமிதிப்புடன் விழா நிறைவெய்துகின்றது. காணவரும் மக்கள், தருமன் இத்தகைய முடியைத்தான் அணிந்தானா, வீமன் இவ்வாறுதான் பேசினானா என வினவுவதில்லை. முடியும் மொழியும் நாடக வழக்கு என்பதை அவர்கள் அறிவர். ஆனால், துச்சாதனன் செய்த தீங்கினை வேறொருவன்மேல் ஏற்றி நடித்துக் காட்டின், அவையிலிருக்கும் சிறு பிள்ளையும் அதனைப் பொறாது. உடையை மாற்றலாம், உரையை மாற்றலாம், செய்தவனை மாற்றுதல் ஆகாது என்னும் விதி, எழுதப்படாத விதியாக அம்மக்களின் உள்ளத்தில் நிலைபெற்றுள்ளது. வரலாற்றுப் புனைவுகளை அளந்தறிதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் கிடைத்தல் அரிது.

இவ்வளவுகோல் கொண்டு ஆராயத்தக்க புனைவுகள் பலவற்றிற்குப் பொருளாக அமைந்தது கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வு. 1887 டிசெம்பர் 22 இல் ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜிற் புகழெய்தி, 1920 ஏப்பிரல் 26 இல் சென்னையில் மறைந்த அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகளே. இராபர்ட் கனிகல் 1991 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட விரிவான வாழ்க்கை வரலாறு பலரின் கவனத்தை இவ்வாழ்வின்பால் ஈர்த்தது. இலண்டன் 'கொம்பிளிசிற்றே' நாடகக் குழுவினர் 2007 இல் 'மறையும் எண்' என்னும் பொருளுடைய நாடகத்தை மேடையேற்றினர். அதே ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் லெவிற் 'இந்திய எழுதுவினைஞன்' எனப் பொருள்படும் புதினத்தை வெளியிட்டார். பாரதி, பெரியார் ஆகியோர் வாழ்வைப் படமாக்கிய ஞான ராஜசேகரன் 2014 இல் 'ராமானுஜன்' என்னும் திரைப்படத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உருவாக்கினார். கனிகலின் நூலைத் தழுவி மத்தியூ பிறவுன் இயக்கிய ஆங்கிலப் படம் 2015 இல் வெளிவந்தது. தேவ் பட்டேல் இராமானுஜனாகவும் யெரமி அயன்ஸ் பேராசிரியர் ஹார்டியாகவும் நடித்த இவ்வாங்கிலப் படமே உலகில் மிகுதியான மக்களைச் சென்றடைந்தது. ஆதலின் அதுவே ஈண்டுச் சிறப்பாக ஆராயற்பாலது.

படத்தை நோக்குமுன் வரலாற்றை நோக்குதல் முறை. இராமானுஜன் 1914 மார்ச் 17 இல் சென்னையிலிருந்து கப்பலேறி, ஏப்பிரல் 14 இல் இலண்டனை அடைந்தார். நான்கு திங்கள் கழியுமுன், ஓகஸ்ட் 4 இல், பிரித்தானியா போரிற் புகுந்தது. அவர் இங்கிலாந்தில் வாழ்ந்த ஐந்து ஆண்டுகளுள் நான்கிற்கு மேற்பட்டவை போராண்டுகளே. திரினிற்றிக் கல்லூரியின் நெவில் முற்றத்திலே காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனை அமைக்கப்பட்டது. மாணவர் படைக்குச் செல்லக் கல்லூரி வெறிச்சோடியது. அவருக்குத் துணைநின்ற கணித அறிஞர் லிட்டில்வூட் பீரங்கிப் படையிற் சேர்ந்து, எறிகணை செல்லும் பாதையைக் கணித்தறியும் பணியில் ஈடுபட்டார். போரை எதிர்த்தெழுதிய தத்துவ அறிஞர் பேர்ட்ரண்ட் றசல் நீதிமன்றத்தாற் தண்டிக்கப்பட்டபின், 1916 யூலையில் அதே கல்லூரி அவரை விரிவுரையாளர் பதவியினின்றும் நீக்கியது. ஹார்டி றசலின் பக்கம் நின்றார். அதனாற் கல்லூரியின் மூத்தோர் பலருடைய மனக்கசப்பிற்கு ஆளானார். மரக்கறி உணவன்றிப் பிறிதுண்ணாத இராமானுஜனுக்குப் போர்க்காலத்தில் உணவுப் பொருள்கள் கிடைத்தல் அரிதாயிற்று. 1917 இன் வேனிற்காலத்தில் நோயுற்றார்; அதன்பின் நாட்டைவிட்டு நீங்கும்வரை மருத்துவ விடுதிகளிலேயே பெரும்பகுதியைக் கழித்தார்.

இக்காலத்தில் இராமானுஜன் அடைந்த இழிவினைக் காட்ட விழைந்த ஆங்கிலப் படம் இரண்டு காட்சிகளை அமைத்துள்ளது. ஒன்று, போர்வீரர் சிலர், தம் தோழர் போர்க்களத்தில் மடிய இவன் இங்கே இன்பமாகத் திரிகின்றானே எனச் சினந்து, கேம்பிரிட்ஜில் இராமானுஜனை அடித்து வீழ்த்தும் காட்சி. மற்றொன்று, வகுப்பறைக் காட்சி. கரும்பலகையில் ஆசிரியர் எழுதத் தொடங்கியதன் முடிவினை இராமானுஜன் எழுந்து சென்று எழுதிவிடுகின்றார்; அதனாற் சினங்கொண்ட ஆசிரியர் அவரை இழித்துப் பேசித் துரத்துகின்றார்.

இவற்றுள் முதலாவதாகிய தாக்குதலுக்கு அவர் வாழ்க்கை வரலாற்றிற் சான்று இல்லை. இரண்டாவதற்குச் சான்று உண்டு. ஆயின் அச்சான்று படம் காட்டுவதற்கு நேர்மாறானது. கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஆர்தர் பெரி ஒருநாள் வகுப்பிற் சில சூத்திரங்களை நிறுவிக் கொண்டிருந்தார். இராமானுஜனின் முகம் மகிழ்ச்சியால் ஒளிர்வதைக் கண்டு, ஏதேனும் கூற விரும்புகின்றீரோ என வினவினார். இராமானுஜன் எழுந்து சென்று, ஆசிரியர் அதுகாறும் நிறுவாதிருந்த முடிவுகளைப் பலகையில் எழுதினார். பெரி வியந்தார், அவ்வியப்பைப் பின்னாளிலும் நினைவுகூர்ந்தார். ஓர் ஆசிரியன் தன் மாணவனின் முகத்தை நோக்கி, அவன் உள்ளத்தில் ஒளிர்வதை உணர்ந்து, அவனைப் பலகைக்கு அழைத்த அரிய நிகழ்ச்சி அது. அதனைப் போன்றதொரு காட்சியை அமைத்த படம், அழைத்த ஆசிரியனைத் துரத்தும் ஆசிரியனாக்கிவிட்டது. இது தொகுத்தல் அன்று, திரித்தல். இழிவு செய்தாரை இழிவு செய்தாராகக் காட்டுதல் எத்துணை அறமோ, அத்துணை அறமே மதித்தாரை மதித்தாராகக் காட்டுதலும்.

ஆயின், இராமானுஜனுக்கு இழிவு நேரவில்லையோ எனின், நேர்ந்தது. அது தெருவில் நேர்ந்ததன்று. தேர்வுக் குழுவின் அறையில் நேர்ந்தது. 1917 இல் அவர் பெயர் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவிக்கு முன்மொழியப்பட்டு நிராகரிக்கப்பட்டது. அவ்வாண்டிற்குள்ளாக அவருடைய ஆய்வுகள் கணித உலகில் நன்கு அறியப்பட்டிருந்தன. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின்வழிப் பட்டமும் வழங்கியிருந்தது. தகுதிக் குறைவு காரணமாகாது. நிறவேற்றுமையுணர்வும், அவரை ஆதரித்த ஹார்டியின்மேல் போர்பற்றி எழுந்த வெறுப்பும் ஒருங்கு சேர்ந்தே அம்முடிவிற்கு ஏதுவாயின எனக் கருத இடமுண்டு. 1918 இன் தொடக்கத்தில், நோயாலும் தனிமையாலும் நைந்த இராமானுஜன் இலண்டன் சுரங்க இருப்புப்பாதையில் உயிர்துறக்க முயன்று காப்பாற்றப்பட்டார். அக்காலச் சட்டப்படி அது குற்றம். ஹார்டியின் தலையீட்டால் வழக்கின்றி விடப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. ஒக்டோபரில் திரினிற்றி மீண்டும் கூடியது. அத்தேர்தலில் அவருடைய மனநலம் பற்றிய மருத்துவச் சான்றிதழ்கள் எதிர்வாதமாகக் கொணரப்பட்டன என்பதும், கரிய நிறத்தினன் ஒருவன் உறுப்பினனாதலைத் தாம் ஒப்பப் போவதில்லை என ஒருவர் வெளிப்படையாகவே கூறினார் என்பதும் லிட்டில்வூட் விட்டுச்சென்ற நினைவுகளால் அறியப்படுகின்றன. ஹார்டி முன்னின்றால் பகை வளரும் என்பதால் லிட்டில்வூட்டே வழக்கை எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. அரச கழகத்தின் உறுப்பினரை ஒரு கல்லூரி மறுத்தல் நாணத்திற்குரியது என்னும் நிலை எழுந்தபின்னரே தேர்வு கைகூடியது.

இவ்வரலாற்றையும் படத்தின் தாக்குதற் காட்சியையும் அருகருகே வைத்து நோக்குக. இழிவு செய்தார் யாவர் என்னும் வினாவிற்கு வரலாறு தரும் விடை: உயர்கல்வி கற்றோர், விதிகளை அறிந்தோர், வாக்குச்சீட்டாலும் மருத்துவச் சான்றிதழாலும் கருத்தை நிறைவேற்றிக் கொள்வோர். காட்சி தரும் விடை: கல்வியறியாப் போர்வீரர். அவ்வீரர்களுட் பலர் தாமே சில திங்களிற் பிரான்சு மண்ணில் மடியவிருந்தவர். தம் விருப்பின்றிப் போருக்கு அனுப்பப்பட்டவரும் அவருள் உளர். அறிஞர் அவை செய்த பிழையின் சுமையை அவ்வேழைகளின் தோளில் ஏற்றிவிடுதல் துச்சாதனன் செய்ததை வேறொருவன்மேல் ஏற்றுதலை ஒக்கும். படம் கல்லூரி உறுப்பினர் சிலரின் வெறுப்பைக் காட்டாது விடவில்லை என்பது உண்மையே. எனினும், காண்போர் நினைவில் ஆழப் பதிவது சொல்லன்று, அடியே. படமாளிகையை விட்டு வெளிவரும் மாணவன், போர்க்கால வெறுப்பு என்பது முரடர் கைக்கொள்ளும் முட்டியடி என்றே எண்ணிச் செல்வான்.

இதற்குப் படத்தை ஆதரிப்போர் கூறும் சமாதானம் அறியத்தக்கது. இரண்டு மணி நேரத்துள் ஐந்தாண்டு வாழ்வைக் காட்ட வேண்டும். குழு அறையில் நடந்த வாக்கெடுப்பைக் கண்ணுக்கு இனிதாகக் காட்டல் அரிது. அன்றாடம் நேர்ந்த பல சிறு இழிவுகளை ஓர் அடியாகத் திரட்டிக் காட்டுவதே நாடக வழக்கு என அவர் கூறுவர். இவ்வாதம் எளிதிற் தள்ளத்தக்கதன்று. சிறியன பலவற்றைப் பெரியதொன்றாக்கல் கலைக்கு உரிய உரிமையே. ஆயின், சிறியனவும் பெரியதும் ஓரினத்தனவாதல் வேண்டும். பல துளிநீர் சேர்ந்து குளமாகும், கல்லாகாது. அமைதியான விலக்கல்கள் பல சேர்ந்தால் பெரியதோர் அமைதியான விலக்கலே பிறக்கும்; முட்டியடி பிறவாது. புத்தளத்து உப்பளங்களில் விளையும் உப்பு, கடல்நீரில் ஏலவே கரைந்திருந்த உப்பே. வெயில் அதனைப் படைக்கவில்லை, வெளிப்படுத்துகின்றது. வரலாற்றுப் புனைவில் கலைஞனின் தொழிலும் அதுவேயாதல் வேண்டும்.

அவ்வாறு வெளிப்படுத்துதற்குரிய செய்திகள் இராமானுஜன் வாழ்வில் இல்லாமற் போகவில்லை. பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகாலனோபிஸ், கேம்பிரிட்ஜில் அவரை ஒருநாட் காணச் சென்றார். இரவிற் குளிரால் வருந்துவதாக இராமானுஜன் கூறினார். கட்டிலை நோக்கியபோது, கம்பளங்கள் யாவும் மெத்தையின் அடியிற் செருகப்பட்டு ஒழுங்காக இருந்தன. அவற்றை விலக்கி உட்புகுந்து உறங்கவேண்டும் என்பதை அதுகாறும் எவரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லையிலாத் தொடர்களின் இயல்பை அறிந்த ஒருவர், போர்வைகளின்மேல் மேலங்கியுடன் நடுங்கிக் கிடந்தார். அவரை வெறுத்தார் எவருமிலர்; அவரைக் கேட்டாரும் எவருமிலர்.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. தம் அறையிற் தாமே சமைத்து இந்திய நண்பர் சிலருக்கு விருந்தளித்தார். இருமுறை பரிமாறியபின் மூன்றாம் முறையும் பரிமாற எழுந்தபோது விருந்தினர் போதுமென்றனர். சிறிது நேரத்தில் அவரைக் காணவில்லை. சொல்லாமல் வெளியேறிச் சில நாள் ஆக்ஸ்போர்டிற் தங்கியிருந்தார் எனப் பின்னர் அறியப்பட்டது. விருந்தோம்பலை உயிரெனக் கருதும் மரபில் வந்த ஒருவரின் புண்பட்ட உள்ளத்தைக் காட்டுதற்கு இதனைவிட வேறு காட்சி வேண்டுமோ? இத்தகைய நிகழ்ச்சிகள் எவரையும் கொடியராக்குவதில்லை. ஆயினும் தனிமையின் ஆழத்தை உள்ளவாறே காட்டுகின்றன. அடித்து வீழ்த்தும் காட்சி காண்போரைச் சினங்கொள்ளச் செய்யும். இவையோ காண்போரைத் தம்மைத்தாமே வினவச் செய்யும்.

போர்க்காலத்தின் முரண்பாட்டைக் காட்டவேண்டின் அதற்கும் வரலாற்றிற் பொருள் உண்டு. அப்போரிற் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்திய வீரரும் தொழிலாளரும் கடல்கடந்து பணியாற்றினர். 1914 இறுதியிலேயே இந்தியப் படைகள் பிரான்சுப் போர்முனையில் நின்றன. காயமுற்ற இந்தியர்க்குப் பிரைற்றன் நகரின் அரச மாளிகையே மருத்துவமனையாக்கப்பட்டது. பதுங்குகுழியில் நிற்க ஏற்ற உடல், கல்லூரியின் உயர்மேசையில் அமர ஏற்றதன்றெனக் கருதப்பட்ட காலம் அது. இம்முரணைக் காட்டப் புனைவு எதுவும் வேண்டா. உள்ளதை உள்ளவாறு அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

இனி, கணிதத்தைக் காட்டும் வகையிலும் மெய்ம்மை நாடத்தக்கது. கணித மேதையைப் பற்றிய புனைவில் கணிதம் வெறும் அணிகலனாகிவிடுதல் பெருங்குறை. ஆங்கிலப் படம் இவ்வகையிற் பாராட்டிற்குரியது. மஞ்சுள் பார்கவா, கென் ஓனோ ஆகிய கணித அறிஞரின் துணையைப் பெற்றமையால், பலகையிலும் தாளிலும் தோன்றும் சூத்திரங்கள் பொருளுடையனவாக உள்ளன. எண்களைப் பிரித்துக் கூட்டும் வகைகளை எண்ணுதல் என்னும் ஆய்வினை அது கதையின் நடுவில் வைத்தது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10 ஐ 42 வகையாகவும், 100 ஐ 190,569,292 வகையாகவும் பிரிக்கலாம். எண் வளர வளர வகைகள் கட்டுக்கடங்காது பெருகுகின்றன. இப்பெருக்கத்தை அளந்து கூறும் சூத்திரத்தை ஹார்டியும் இராமானுஜனும் 1918 இல் வெளியிட்டனர். அதனைச் சரிபார்க்க உதவியவர் மேஜர் மக்மாகன். இளமையிற் சென்னையிற் பீரங்கிப் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். 200 வரையுள்ள எண்களுக்கு அவர் கையாற் கணித்தார். 200 இற்கு வந்த விடை 3,972,999,029,388. சூத்திரம் தந்த விடையும் அதனோடு பொருந்தியது. பல்கலைக்கழக அறிஞர் பீரங்கியின் கணக்கைப் பார்க்க, பீரங்கிப் படையில் இருந்தவர் தூய கணிதத்திற்காக எண்ணிக்கொண்டிருந்தார்; போர்க்காலத்தின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

எனினும், இராமானுஜனின் கணிதம் தெய்வம் கனவில் உரைத்ததாக மட்டும் காட்டப்படும் போக்கு எல்லாப் புனைவுகளிலும் ஓரளவு காணப்படுகின்றது. நாமகிரித் தாயாரிடத்து அவருக்கிருந்த பக்தி மெய்யானது. அதனை மறைத்தல் தகாது. ஆயின், ஏறத்தாழ 5,000 முடிவுகள் அடங்கிய கார் என்பாரின் கணிதத் திரட்டினை இளமையிற் கற்று, அவற்றைத் தாமே நிறுவ முயன்று, தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேற்றில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டிற் பதித்த உழைப்பும் மெய்யானதே. அவரை விளங்கொணாக் கீழைநாட்டுச் சித்தராக்கும் போக்கினை ஹார்டி தம் விரிவுரைகளில் வன்மையாக மறுத்தார். ஏனைய பெருங் கணித அறிஞர்போலவே தெளிந்த அறிவுடன் சிந்தித்தவர் இராமானுஜன் என்பது அவர் துணிபு. உழைப்பை மறைத்து வரத்தை மட்டும் காட்டுதல் புகழ்ச்சி போலத் தோன்றினும், அதுவும் ஒருவகை வேற்றுமையுணர்வே. மேனாட்டான் சிந்தித்து அறிகின்றான், கீழ்நாட்டான் கனவு கண்டு அறிகின்றான் என்னும் பழைய எண்ணம் அதன் உள்ளே மறைந்திருத்தல் காண்க.

பிற புனைவுகளோடு ஒப்பிடின் இச்செய்தி மேலும் தெளிவாகும். 'மறையும் எண்' நாடகம் கணித விரிவுரையொன்றுடனேயே தொடங்குகின்றது. கணிதத்தையே மேடையின் தலைமைப் பாத்திரமாக்கியமை அதன் சிறப்பு. இக்காலத்துக் கற்பனை மாந்தரை வரலாற்று மாந்தரோடு இணைத்தாலும், எது கற்பனை என்பதிற் பார்வையாளர்க்கு ஐயம் எழுவதில்லை. லெவிற்றின் புதினம் நெவில் என்னும் அறிஞரின் மனைவி இராமானுஜனிடத்துக் காதல் கொண்டதாகப் புனைகின்றது. அது புதினம் எனத் தன்னை அறிவித்துக்கொள்வதால் ஏமாற்றம் இல்லையாயினும், மெய்ப்பெயரோடு வாழ்ந்த பெண்ணொருத்திமேல் அவள் கொள்ளாத காதலை ஏற்றுதல் தகுமோ என்னும் வினா எஞ்சுகின்றது. ஞான ராஜசேகரனின் தமிழ்ப்படம் கும்பகோணத்து வறுமை, தேர்வுத் தோல்வி, தாய்க்கும் மருமகளுக்கும் இடையே நிலவிய பூசல் ஆகியவற்றிற்குத் தாராளமாக இடந்தந்தது. இல்லத்துள் நிகழ்ந்ததை மற்றெப்புனைவினும் நெருங்கி அறிந்தது. ஆயின், கணிதத்தைக் காட்டுதலினும் கணிதனின் துயரைக் காட்டுதலிலேயே அதன் கவனம் தங்கிவிட்டது.

யப்பானியச் சித்திரக்கதையொன்றும் ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. மீதா நோரிபூசா 2015 முதல் 2023 வரை வார இதழொன்றில் தொடராக வரைந்த 'ஆக்கிமிடீசின் பெரும்போர்' என்னும் பொருளுடைய கதை, இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட யப்பானியக் கடற்படையைக் களமாகக் கொண்டது. 2019 இல் திரைப்படமாகவும் வந்தது. பெரும் போர்க்கப்பலொன்றைக் கட்டக் கடற்படையார் காட்டிய செலவுக் கணக்குப் பொய்யானது என்பதைக் கணிதம் வல்ல இளைஞனொருவன் கணித்துக் காட்ட முனைகின்றான். இளைஞன் கற்பனை, அவனை ஏவும் தளபதி யமமோட்டோ வரலாற்று மனிதர், கப்பலோ, 1945 ஏப்பிரல் 7 இல் ஆயிரக்கணக்கான வீரரோடு மூழ்கிய 'யமாட்டோ'வே. இக்கதையிற் கற்பனை மிகுதி. எனினும் அது பிழையை இடம் மாற்றவில்லை. நாட்டை அழிவிற்கு இட்டுச்சென்றது முரடரின் வெறி மட்டுமன்று, அறைக்குள் அமர்ந்து திருத்தப்பட்ட கணக்குத்தாளும்தான் என்னும் உண்மையைக் கற்பனைப் பாத்திரத்தின் துணையால் அது வெளிக்கொணர்கின்றது. இல்லாத மனிதனைக் கொண்டு உள்ள குற்றத்தைக் காட்டியது அக்கதை. உள்ள மனிதனைக் கொண்டு இல்லாத குற்றத்தைக் காட்டியது ஆங்கிலப் படத்தின் தாக்குதற் காட்சி. மெய்ம்மைக்கு அணியது எது என்பது வெளிப்படை.

வேற்றுமையுணர்வு மேனாட்டார்க்கே உரியது எனக் கொண்டு அமைதலும் தவறாகும். கும்பகோணத்திலும் சென்னையிலும் ஏனைய பாடங்களிற் தேறவில்லை என்னும் காரணத்தால் இராமானுஜனுக்குக் கல்லூரிக் கதவுகள் மூடப்பட்டன. மாதம் 30 ரூபா ஊதியத்திற் சென்னைத் துறைமுகத்திற் கணக்கெழுதும் நிலை அதனால் வந்தது. கடல் கடத்தல் ஆகாது என்னும் கட்டுப்பாடு அவர் பயணத்தைத் தாமதித்தது. அரச கழகத்தின் உறுப்பினராகப் புகழோடு மீண்டு வந்தவர் மறைந்தபோது, கடல்கடந்து மாசுற்றவர் எனக் கருதிய உறவினர் பலர் அவருடைய இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. அவரை அடித்தார் எவருமிலர், வாராதிருந்தனர், அவ்வளவே. திரினிற்றியின் முதல் வாக்கெடுப்பும் சென்னையின் வெறுமையான இறுதி ஊர்வலமும் ஓரினத்தனவே. இரண்டையும் ஒரே புனைவில் ஒரே நடுவுநிலையோடு காட்டும் கலைஞனுக்கே இராமானுஜன் வரலாறு முழுமையாக வசப்படும்.

இவ்வாராய்ச்சி தொலைநாட்டுக் கதையோடு முடிவதன்று. போர்க்கால வெறுப்பு எத்தகையது என்பதைப் புத்தளக் கரை அண்மைக் காலத்திலேயே கண்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் ஆணையால் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கிடைத்தது இரண்டு மணி நேரமே. அவருட் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிற் கிடுகுக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். அங்கே பிறந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றோராயினர். அவ்வெளியேற்றத்தை என்றேனும் ஒருவர் தமிழிற் புதினமாகவோ படமாகவோ ஆக்குவர். அப்போது அவர் முன்னும் இதே சோதனை எழும். ஆயுதமேந்தியோரை மட்டும் காட்டினால் கதை எளிதாகும். காண்போரும் தமக்கு அதிற் பங்கில்லை என அமைதியுறுவர். அறிவித்தலைக் கேட்டும் வாய்திறவாத அயலாரையும், பூட்டிய வீடுகளைக் கடந்து மறுநாள் வழமைபோற் பணிக்குச் சென்ற கற்றோரையும் காட்டினால் கதை கடினமாகும்; ஆயின் அதுவே மெய்யாகும். எளியோர் ஓரிருவர் செய்த உதவிகள் இருந்தனவாயின் அவற்றையும் மறையாது காட்டுதல் வேண்டும். பெரி என்னும் ஆசிரியருக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்தலாகாது.

எனவே, வரலாற்றுப் புனைவிலே மெய்ம்மை என்பது தொப்பியும் ஊர்தியும் அக்காலத்தனவாக இருத்தலன்று. நாளும் திகதியும் பிழையாதிருத்தல் மட்டுமும் அன்று. தீங்கு எவ்வழியால் வந்தது, எவர் கையால் வந்தது, எத்தகைய ஓசையோடு வந்தது என்பவற்றை மாற்றாதிருத்தலே அதன் உயிர்நிலை. ஓசையின்றி வந்த தீங்கை ஓசையோடு காட்டின், ஓசையின்றி வரும் அடுத்த தீங்கை அறியும் ஆற்றலைக் காண்போர் இழப்பர். வாக்குச்சீட்டிலும், சான்றிதழிலும், தேர்வு விதியிலும், வாராதிருத்தலிலும், வாய்மூடியிருத்தலிலும் வேற்றுமையுணர்வு ஒளிந்திருத்தலை மாணவர் கண்டறியுமாறு செய்வதே இத்தகைய புனைவுகள் கல்விக்கு ஆற்றத்தக்க தொண்டு. அத்தொண்டினை முற்ற ஆற்றும் இராமானுஜன் கதை இன்னும் எழுதப்படவில்லை. அதற்கு வேண்டிய பொருள் அனைத்தும் வரலாற்றிலே தொகுப்பாரை நோக்கிக் காத்துக் கிடக்கின்றது.